வேர்த்த உப்பு

யாஸ்மிராத்தின் நேர்மைக்கு விலை மாதம் பன்னிரண்டு ரூபிள். தேயிலையும் மாவும் தனி. பதினைந்தில் நின்ற பேச்சைப் பன்னிரண்டுக்கு இறக்கியவன் அவெதிஸ். இறக்கிய கையோடு, கிடைத்தது அசல் சரக்கா போலிச் சரக்கா என்று ஒரு சந்தேகத்தையும் மடியில் முடிந்துகொண்டான். விலையைக் குறைத்து வாங்குகிறவனுக்கு இந்தச் சந்தேகம் கொசுறாக வந்துவிடும்.

அவெதிஸ் வோல்கா நதிக்கரை அஸ்திரகான் நகரத்துப் படித்துறையில் மூன்று தலைமுறையாக உப்பு விற்கும் ஆர்மீனியக் குடும்பத்துக்காரன். கண்ணைக் கட்டிவிட்டு நாக்கில் ஒரு கல்லை வைத்தால், எந்த ஏரி, எந்த வருஷத்து வெட்டு என்று சொல்லிவிடுவான். அவனுக்குத் தெரிந்த உப்புக்கெல்லாம் ஒரே குணம்தான். வெயில் காய்ந்தால் விளையும், மழை பெய்தால் கரையும். தாத்தா அப்படித்தான் சம்பாதித்தார், அப்பா அப்படித்தான் சம்பாதித்தார், மழைக்காலத்தில் இருவரும் ஒரே மாதிரித்தான் சபித்தார்கள்.

ரஷ்யாவுக்கு ஜப்பான்காரனோடு சண்டை முடிந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்த காலம். வோல்கா கரையில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலை, காஸ்பியன் கடலின் கிழக்குக் கரையிலுள்ள காரா-போகஸ் வளைகுடாவின் கசப்பு உப்பைப் பூடுக்குப் பன்னிரண்டு கோபெக் கொடுத்து எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. மூன்று பூடு சேர்ந்தால் ஒரு நல்ல செம்மறி ஆட்டின் எடை. நூறு கோபெக் சேர்ந்தால் ஒரு ரூபிள். உப்பையோ கடலே கரையில் கொண்டுவந்து கொட்டுகிறதாம். உடையவன் இல்லாத சரக்கு, வாங்க ஆள் தயார். இதற்கு மேல் ஒரு வியாபாரி எதற்குக் காத்திருக்க வேண்டும்? அவெதிஸ் தன் மனைவியின் தம்பி சர்கிஸிடம் ஐந்நூறு ரூபிள் கடன் வாங்கினான். ஆகஸ்ட் கடைசிக்குள் திருப்பாவிட்டால் படித்துறைக் கடை சர்கிஸுக்கு.

"கடையக் கொண்டுபோய்க் கடல்ல கரைக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க மச்சான்," என்றான் சர்கிஸ், பத்திரத்தை மடித்தபடி. "கரைங்க. சாவிய மட்டும் வீட்ல வச்சுட்டுப் போங்க."

ஜனவரியில் வளைகுடாவின் கரைக்கு வந்து சேர்ந்த அன்றே அவெதிஸுக்குக் குழப்பம் தொடங்கியது. மூச்சு தாடியில் உறைகிற குளிர். வானத்தில் சூரியன் பெயருக்குத்தான் இருந்தது. அந்தக் குளிரில் கடல், கொதிக்கிற கஞ்சிபோலக் கனத்துப் புரண்டு, அலைக்கு அலை வெள்ளை உப்பைக் கரையில் தள்ளிக்கொண்டிருந்தது. இடுப்பளவு உயரத்துக்கு, கண் போகிற தூரம்வரை. கண்ணாடித் துண்டுகள்போலத் தெளிந்த கற்கள்.

"என்னய்யா இது, பனிக்கட்டியா?" என்றான் அவெதிஸ்.

பக்கத்தில் நின்ற யாஸ்மிராத் முப்பது வயதுத் துருக்மேன்; தலையில் ஆட்டுத்தோல் தொப்பி, தோளில் தாத்தா காலத்துத் துப்பாக்கி. "உப்பு அகா," என்றான். மூத்தவர்களை அகா என்பது அந்தப் பக்கத்து மரியாதை. "குளிர் வந்தாத் துப்பும். வெயில் வந்தாத் திரும்ப முழுங்கிரும். மார்ச் மாசம் வந்து பாருங்க, இங்க ஒரு கல்லு இருக்காது."

"மழையிலயா?"

"இங்க எங்க மழை? கடலே எடுத்துக்கும்."

அவெதிஸ் அவனை ஏற இறங்கப் பார்த்தான். வெயிலில் உப்பு வரும், குளிரில் வராது. இது அவனுக்குச் சோற்றில் கலந்து ஊட்டிய பாடம். இங்கே ஒருத்தன் தலைகீழாகச் சொல்கிறான். விலையை ஏற்றப் பார்க்கிறானோ? சரக்கு சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று சொல்லாத வியாபாரி உண்டா? ஆனால் இவன் வியாபாரியும் இல்லையே.

பழக்க தோஷத்தில் ஒரு பிடி உப்பை வாயில் போட்டு மென்று பார்த்தான். முதலில் குளிர்ச்சி, பிறகு கசப்பு. எந்த ஏரி என்று நாக்குக்குப் பிடிபடவில்லை. இன்னொரு பிடி போட்டான்.

அடுத்த மூன்று நாளும் அவன் வியாபாரம் பேசவில்லை. யாஸ்மிராத்தின் கம்பளிக் கூடாரத்துக்கும் பின்பக்க மணல்மேட்டுக்கும் நடந்தபடியே இருந்தான். யாஸ்மிராத்தின் மனைவி ஓகுல்பீபி, முக்காட்டு நுனியைப் பல்லில் கடித்தபடி, வேற்று ஆணிடம் நேராகப் பேசக்கூடாது என்பதால், அவன் முன்னாலேயே புருஷனிடம் சொன்னாள்: "உங்க விருந்தாளிகிட்டக் கேளுங்க, எவ்வளவு சாப்ட்டாராம்?"

"ரெண்டு பிடி," என்றான் அவெதிஸ் சுவரைப் பார்த்து.

"ரெண்டு பிடியா? சொல்லுங்க அவர்கிட்ட, வயிறு கட்டிக்கிட்ட ஒட்டகத்துக்கே நாங்க ஒரு பிடிதான் குடுப்போம்."

"சொல்லிட்டேன்," என்றான் யாஸ்மிராத், சொல்லாமலே.

வயிறு நிலைக்கு வந்ததும் அவெதிஸ் சோதித்துப் பார்க்க உட்கார்ந்தான். ஓகுல்பீபியின் கெண்டியை இரவல் வாங்கி, குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, ஒரு பிடி உப்பைப் போட்டுக் கலக்கினான். கொஞ்சம் கரைந்தது, மிச்சம் அடியில் கிடந்தது, முறைத்துக்கொண்டு. அடுப்போரம் வைத்தான். தண்ணீர் கைச்சூட்டுக்கு வந்ததும் அடியில் கிடந்ததைக் காணோம். இன்னும் மூன்று பிடி போட்டான், அதையும் காணோம். கெண்டியை வெளியே குளிரில் வைத்து, இரண்டு கோப்பை தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால், உள்ளே ஊசி ஊசியாக உப்பு வளர்ந்து நின்றது.

ஆகத் துருக்மேன் பொய் சொல்லவில்லை. இந்த உப்பு கை சூடு பட்டால் தண்ணீரிடம் கடன் வாங்கிக் கரைந்துவிடுகிறது. குளிர்ந்தால் மொத்தமாகத் திருப்பிக் கொடுக்கிறது. சரி, அப்படியென்றால் கொதிக்க வைத்தால் இன்னும் எவ்வளவு கரையும்? உற்சாகத்தில் இன்னும் போட்டு, கரைய மறுக்கும்வரை போட்டு, தெளிந்த நீரை மட்டும் வைத்துக் கொதிக்க விட்டான். கெண்டியின் அடியில் வெள்ளையாகப் பொடி இறங்கியது.

அவெதிஸ் கெண்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். குளிர்ந்தால் வருகிறது. சூடானால் போகிறது. ரொம்பச் சூடானால் மறுபடி வருகிறது. அவன் குடும்பத்தில் ஒரு சித்தப்பா இருந்தார், இதே குணம்.

"கெண்டி பாழாப்போச்சுன்னு சொல்லுங்க," என்றாள் ஓகுல்பீபி புருஷனிடம்.

புரிந்தவரைக்கும் போதும் என்று அவெதிஸ் வேலையில் இறங்கினான். கடல் எட்டாத மேட்டுக்கு உப்பை ஏற்றிவிட்டால் கடலால் திரும்ப எடுக்க முடியாது. வாரி மேட்டில் ஏற்றப் பூடுக்கு நாலு கோபெக் கூலி. ஒவ்வொரு மூட்டையையும் தன் தராசில் தானே நிறுத்தான். மார்ச் கடைசிவரை விடாமல் நிறுத்து, பத்தாயிரம் பூடு. நானூறு ரூபிள் கூலி. மேட்டின்மேல் ஒரு வெள்ளைக் குன்று எழுந்து நின்றது. கண்ணாடிக்கற்களாலான குன்று, காலை வெயிலில் பார்த்தால் கண் கூசும்.

அந்த வாரமே தெற்கிலிருந்து சூடான காற்று வீசத் தொடங்கியது. கரையில் மிச்சம் கிடந்த உப்பு நாளுக்கு நாள் இளைத்தது. நாலாம் நாள் அவெதிஸ் எழுந்து பார்த்தபோது வெறும் சாம்பல் மணல், அதன்மேல் நாரைகள். அவன் வாழ்க்கையில் கடலை ஏமாற்றியது அதுதான் முதல் தடவை. வாய்விட்டுச் சிரித்தான்.

படகு கிடைப்பதுதான் கஷ்டம். வசந்தத்தில் காஸ்பியனில் மிதக்கிற பலகை எல்லாம் ஹெர்ரிங் மீனுக்குப் போய்விடும். ஜூலைக்குத்தான் கெராசிம் என்பவனுடைய படகு கிடைத்தது; பூடுக்கு ஆறு கோபெக் கூலி. அதுவரை குன்றைக் காக்கத்தான் யாஸ்மிராத், பிப்ரவரி முதல் தேதியிலிருந்து மாதம் பன்னிரண்டு.

"ஒரு பூடு குறைஞ்சாலும் நீதான் பதில் சொல்லணும், தம்பி," என்றான் அவெதிஸ் கிளம்பும்போது.

யாஸ்மிராத் ரொட்டியைப் பிய்த்துப் பாதியை அவன் கையில் கொடுத்தான். "எங்கிட்ட விட்டுட்டுப் போறீங்க. எங்கிட்டதான் இருக்கும்."

ஜூலையில் அவெதிஸ் வந்து இறங்கினான். படகில் கெராசிமோடு சேர்த்து எட்டுப் பேர். கரையிலிருந்து மேட்டை அண்ணாந்து பார்த்தவன், இடம் மாறி இறங்கிவிட்டோமோ என்று திரும்பிக் கடலைப் பார்த்தான். இடம் சரிதான். குன்றைத்தான் காணோம். குன்று இருந்த இடத்தில், மாவு கொட்டிக் காலால் மிதித்ததுபோல ஒரு தாழ்ந்த வெள்ளை மேடு கிடந்தது. அதன் காற்றுப் பக்கம் முழுக்கக் கம்பளி விரிப்புகளும் நாணல் பாய்களும் போட்டு, மேலே கற்கள் அடுக்கியிருந்தன. பக்கத்தில் யாஸ்மிராத்தின் கூடாரம் வெறும் குச்சிக்கூடாக நின்றது.

"எங்கடா என் உப்பு?"

"இதுதான் அகா." யாஸ்மிராத்தின் கண்கள் சிவந்து, உதடு வெடித்திருந்தது. "மே மாசத்துலேர்ந்து ஒரு மாதிரி ஆச்சு. முதல்ல மேல பொடிஞ்சுது. அப்புறம் வெயில் ஏற ஏற அடியில வேர்த்துது. கல்லு எல்லாம் மாவாப் போச்சு. காத்து அள்ளிட்டுப் போகக்கூடாதுன்னு எங்க கூடாரத்துக் கம்பளியப் பிரிச்சுப் போட்டேன்."

"வேர்த்துதா?"

"வேர்த்துது."

"உப்பு வேர்த்துதா?"

"நானே தொட்டுப் பார்த்தேன் அகா."

படகுக்காரர்களில் ஒருவன் சிரித்தான். அவெதிஸ் தராசை இறக்கச் சொன்னான். இரண்டு நாள் நிறுத்தார்கள். கண்ணாடிக்கல் ஒன்றுகூட இல்லை, எல்லாம் உலர்ந்த வெள்ளைப் பொடி. கடைசி மூட்டை இறங்கியபோது கணக்கு நாலாயிரத்து நானூற்று அறுபது பூடு.

அவெதிஸ் நோட்டைத் திரும்பத் திரும்பக் கூட்டினான். பத்தாயிரத்தில் ஐயாயிரத்து ஐந்நூற்று நாற்பது பூடு இல்லை. கடல் எடுக்கவில்லை, அது இரண்டு ஆள் உயரம் கீழே கிடக்கிறது. மழை இல்லை. காற்றென்றால் மணல்மேடெல்லாம் வெளுத்திருக்க வேண்டும். அத்தனை உப்பைச் சுமக்க நானூறு ஒட்டகம் வேண்டும். நானூறு ஒட்டகம் நடந்தால் தடம் தெரியாதா? தடம் இல்லை. ஆனால் உப்பும் இல்லை. மிச்சத்தைப் பன்னிரண்டு கோபெக்குக்கு விற்றால் ஐந்நூற்று முப்பத்தைந்து ரூபிள். படகுக் கூலி போக அதில் பாதிதான் நிற்கும். சர்கிஸின் ஐந்நூறுக்கு எங்கே போவது? கடை போயிற்று. சாவி ஏற்கெனவே வீட்டில்தான் இருக்கிறது.

கூடாரத்தைச் சோதிக்கப் போனான். கிணற்றோரக் குழியில், ஆட்டுத்தோலால் வாய் கட்டிய ஒரு ஜாடி. பிரித்தான். உள்ளே கண்ணாடிக்கற்கள். ஜனவரியில் பார்த்த அதே தெளிந்த கற்கள்.

"இது?"

"ஒட்டகத்துக்கு எடுத்து வச்சது," என்றான் யாஸ்மிராத். "ஒரு ஜாடி."

"ஆக இதுக்கு வேர்க்கல. குன்றுக்கு மட்டும் வேர்த்துது." அவெதிஸ் ஜாடியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். படகுக்காரர்கள் எட்டுப் பேரும் மூட்டைமேல் உட்கார்ந்து கருவாடு தின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் ஜாடியை வைத்தான். "நல்ல கல்லை எல்லாம் வித்துட்டு, மணலையும் தூசியையும் கூட்டிக் குவிச்சு, மேல கம்பளிய மூடி வச்சிருக்கான். திருடன். பாத்துக்கங்க எல்லாரும், மாசம் பன்னிரண்டு ரூபிள் வாங்கற திருடன்."

யாஸ்மிராத்தின் கை துப்பாக்கிக்குப் போகவில்லை. அப்படிப் போயிருந்தால் அவெதிஸுக்குக் கொஞ்சம் தெளிவாக இருந்திருக்கும். அவன் உள்ளே போய் ஒரு முழு ரொட்டியைக் கொண்டுவந்து தலைக்குமேல் தூக்கிப் பிடித்தான். "ஜாடியத் தவிர ஒரு பிடி எடுத்திருந்தா இந்த ரொட்டி என்னைக் கேக்கட்டும்."

"ரொட்டி பேசுமா? தராசு பேசுது, கேளு."

அப்போது ஓகுல்பீபி பல்லில் கடித்திருந்த முக்காட்டை விட்டாள். புருஷனைப் பார்க்காமல் அவெதிஸை நேராகப் பார்த்தே பேசினாள். "ரெண்டு மாசமா நானும் என் பிள்ளைங்களும் குச்சிக்கு நடுவுல படுத்துக் கிடக்கோம். எங்க வீட்டு மேல இருந்த கம்பளி உங்க உப்பு மேல கிடக்கு. எந்தத் திருடன் வீட்ல இப்படி நடக்கும்? குளிர்காலத்துல ரெண்டு பிடி தின்னீங்களே, அப்பவே மிச்சம் மீதி அறிவெல்லாம் வெளிய போயிருச்சோ?"

படகுக்காரர்கள் சிரித்தார்கள். உண்மையில் கம்பளி அவெதிஸையும் உறுத்திக்கொண்டிருந்தது. திருடியவன் எதற்கு மிச்சத்தைப் போர்த்திக் காப்பாற்றுவான்? ஆனால் திருடாதவனிடம் மீதி எங்கே? இரண்டு கேள்வியும் ஒன்றையொன்று தின்றுகொண்டிருந்தன. சொல் ஏற்கெனவே வெளியே போய்விட்டது. போன சரக்கைத் திரும்ப எடுக்கிற பழக்கம் அவனுக்கு இல்லை. ஆறு மாதச் சம்பளம் எழுபத்திரண்டு ரூபிளைப் பிடித்துக்கொண்டான்.

மூட்டைகள் ஏறி முடிந்ததும் யாஸ்மிராத்தும் படகில் ஏறி உட்கார்ந்தான், மடியில் ஜாடியோடு.

"நீ எங்க?"

"என் பேரு இந்த மூட்டைங்களோட போகுது. அது எங்க இறங்குதோ அங்க நானும் இறங்கறேன்."

"கூலி யார் குடுப்பா?"

"கெராசிம் குடுக்க வேணாம்னுட்டார்," என்றான். கெராசிம் பாய்மரத்தைப் பார்த்துக்கொண்டான்.

தொழிற்சாலையில் சரக்கைச் சோதிப்பவன் புரோகோர். விரல்நுனியெல்லாம் மருந்துக்கறை, சட்டையில் துளைகள். அவெதிஸ் முதலில் வாயைத் திறக்கவில்லை. கெட்ட சரக்கை விற்கும்போது வாங்குகிறவனை முதலில் பேசவிட வேண்டும். புரோகோர் மூட்டையில் கைவிட்டு, பொடியை விரலிடுக்கில் தேய்த்து, ஒரு கரண்டியில் எடுத்துத் தீயில் காட்டி, நிறுத்துப் பார்த்தான். பிறகு அவெதிஸை விசித்திரமாகப் பார்த்தான்.

"யாரு காய வச்சா இத?"

இது பாராட்டா குற்றமா? எதற்கும் இருக்கட்டும் என்று, "எல்லாம் நம்ம ஆளுங்கதான்," என்றான் அவெதிஸ்.

"இந்தக் கரைக்கு இதுவரைக்கும் எவனும் காஞ்சது கொண்டு வரல. எல்லாரும் குளிர்காலக் கல்லக் கொண்டுவந்து எங்க தலைல கட்டுவாங்க, நாங்க அடுப்பு வச்சுக் காய வைப்போம், விறகு எங்க செலவு. காஞ்சதுக்குப் பூடு இருபத்தேழு கோபெக். இஷ்டமா?"

முப்பதிலிருந்து பேரத்தைத் தொடங்க வேண்டும் என்பதுகூட அவெதிஸுக்குத் தோன்றவில்லை. "காஞ்சதுன்னா... எதுலேர்ந்து காஞ்சது? அது தண்ணியில்ல, கல்லு. உடைச்சா சத்தம் வரும்."

யாஸ்மிராத் முன்னால் வந்து ஜாடியை மேசைமேல் வைத்தான். "இது அதே கடலோட கல்லு. ஜனவரியில எடுத்தது. பாத்துச் சொல்லுங்க."

புரோகோர் தராசில் நூறு எடைக்குக் கற்களை நிறுத்து, இரும்புத் தட்டில் போட்டு அடுப்பில் வைத்தான். கற்கள் கலங்கின. பிறகு, யாஸ்மிராத் சொன்னபடியே, வேர்த்தன. தட்டு முழுக்க ஈரமாகிக் கொதித்து ஆவி கிளம்பியது. கடைசியில் தட்டில் வெள்ளைப் பொடி மட்டும் கிடந்தது. ஆறவிட்டு நிறுத்தான். நாற்பத்து நான்கு.

"மிச்சம் அம்பத்தாறு? மேட்டுல பத்தாயிரம் பூடு ஏத்தினேன், நாலாயிரத்து நானூத்து அறுபதுதான் மிஞ்சுச்சு," என்றான் அவெதிஸ்.

"மேல போச்சு." புரோகோர் கூரையைக் காட்டினான். "தண்ணி. குளிர்ந்த தண்ணியால இந்த உப்பச் சுமக்க முடியாது, இறக்கி வச்சுரும். இறங்கற உப்பு சும்மா இறங்காது, தண்ணியையும் பிடிச்சு உள்ள வச்சுக்கிட்டுதான் இறங்கும். வெளிய பாத்தாக் கல்லு. வெயில்ல போட்டா அந்தத் தண்ணிய விட்டுரும், ஜாடியில மூடிக் குளிர்ச்சியா வச்சா விடாது. உங்க உப்பு ஒரு பொட்டுகூடப் போகல, பாதிக்கு மேல தண்ணி போயிருக்கு, அவ்வளவுதான். உங்க பத்தாயிரத்துக்குக் கணக்குப் போட்டா நாலாயிரத்து நானூறு வரணும். அறுபது கூடவே இருக்கு, அது மணல். காவலுக்கு யாரு இருந்தா? காத்துல போகாம நல்லாப் பாத்திருக்கான்."

அவெதிஸ் உட்கார்ந்தான். அவன் மூளை வழக்கம்போல முதலில் கூலிக்குப் போயிற்று. பத்தாயிரம் பூடுக்கு நாலு கோபெக். அதில் ஐயாயிரத்து அறுநூறு பூடு தண்ணீர். கடலிலிருந்து தண்ணீரை மேட்டுக்குச் சுமக்க அவன் இருநூற்று இருபத்து நாலு ரூபிள் கொடுத்திருக்கிறான். நிறுத்து வேறு பார்த்திருக்கிறான், தன் தராசில், தன் கையால்.

"நீ சொல்றது, தண்ணிக்குள்ள உப்பு கரையும்ங்கறது எனக்குத் தெரியும்," என்றான் மெதுவாக. "உப்புக்குள்ள தண்ணியும் கரையுமா?"

"அப்படியும் வச்சுக்கலாம்."

"யாரு யார்கிட்டக் கடன் வாங்கிருக்கா அப்போ?"

புரோகோருக்கு அடுத்த மூட்டை காத்திருந்தது. அவன் அதன் வாயைப் பிரித்தான்.

அவெதிஸ் வாசலுக்கு வந்து யாஸ்மிராத்திடம் எழுபத்திரண்டு ரூபிளை நீட்டினான். யோசித்து, நூறாக்கினான். இன்னும் யோசித்து, நூற்றிருபது. விற்கிற இடத்தில் விலை ஏற்றுவது அவனுக்குப் பழக்கம். தானே கொடுக்கிற இடத்தில் ஏற்றுவது இதுதான் முதல்முறை, அதனால் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை.

யாஸ்மிராத் எழுபத்திரண்டை எண்ணி எடுத்துக்கொண்டான். அதிலிருந்து பன்னிரண்டு கோபெக்கைத் திருப்பி வைத்தான். "ஜாடி உப்புக்கு. ஒரு பூடுகூட இருக்காது, இருந்தாலும் வச்சுக்கங்க."

"தம்பி, நான் பேசினது தப்பு. போதுமா? இங்க நம்ம ரெண்டு பேர் மட்டும்தான், அதனால கூச்சமில்லாமச் சொல்றேன்."

"ரெண்டு பேர் இருக்கறப்பதான் கூச்சம் வராது அகா. நீங்க எட்டுப் பேர் முன்னால சொன்னீங்க. அந்த எட்டுப் பேர் முன்னால எடுத்துக்கங்க. எங்க பக்கத்துல அப்படித்தான்."

"படகுக்காரனுங்க. இன்னைக்கு இங்க, நாளைக்குப் பாகூ துறையில. எங்க போய்ப் பிடிக்கறது?"

"என் பேரும் அவங்களோடதான் போயிட்டிருக்கு. ஒவ்வொரு துறையிலயும் இறங்கிப் பேசிட்டிருக்கும்." யாஸ்மிராத் தொப்பியைச் சரிசெய்தான். "அது வரைக்கும் அடுத்த குளிர்காலத்துக்கு என் கரையில கால் வைக்க வேணாம். உப்பு வாரவும் ஆள் கிடைக்காது. எல்லாரும் என் மாமன் மச்சான்தான்."

"சரி, என்ன விலை? பதினஞ்சு தர்றேன். காஞ்ச உப்பு வேணும், உன்ன மாதிரி ஆள் வேணும். இருபது."

யாஸ்மிராத் சிரித்தான், அன்றைக்கு முதல்முறையாக. "அத ஏற்கெனவே வித்துட்டேனே அகா, பன்னிரண்டுக்கு. வாங்கினவர்தான் தூக்கிப் போட்டுட்டார்."

சர்கிஸ் ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதி ஐந்நூறு ரூபிளை எண்ணி வாங்கிக்கொண்டு, பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தான். ஏமாற்றத்தை மறைக்க ஒரு கோப்பை ஒயின் குடித்தான். "கடல்ல கரைச்சது திரும்பி வந்துருச்சா மச்சான்?" என்று கேட்டான். "குளிர்ந்தா வரும்," என்றான் அவெதிஸ். வேறு விளக்கம் சொல்ல அவனுக்கும் தெரியவில்லை.

வீட்டில் ஒரு புதுக் கெண்டி வாங்கி, தொழிற்சாலையிலிருந்து கேட்டு வாங்கிவந்த ஒரு பிடிப் பொடியைப் போட்டுப் பல தடவை பார்த்தான். வெந்நீரில் போட்டான், ஆறவிட்டான், ஜன்னலுக்கு வெளியே வைத்தான். ஊசி வந்தது, பொடியைவிடக் கனமாக இருந்தது. எடுத்து நிறுத்தால் போட்டதைவிட அதிகம். இது மட்டும் சமையல் உப்பில் நடந்திருந்தால் என்று அவன் கொஞ்ச நேரம் கனவு கண்டான். கையில் எடுத்துப் பிழிந்தான். ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. எங்கே உட்கார்ந்திருக்கிறது இது? அவன் மனைவி கெண்டியைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

செப்டம்பர் முழுக்க அவெதிஸ் படித்துறைகளில் அலைந்தான். கெராசிம் முதலிலேயே கிடைத்தான். "எனக்கு அன்னைக்கே தெரியும், உங்களுக்குத்தான் தெரியல," என்றான், சந்தோஷமாக. மூன்று பேர் மீன் கிடங்கில் கிடைத்தார்கள். ஒருவன் ஆஸ்பத்திரியில் கால் உடைந்து படுத்திருந்தான். கட்டில் ஓரம் நின்று, அவெதிஸ் தொப்பியைக் கழற்றி, "யாஸ்மிராத் திருடன் இல்ல, நான்தான் உப்பு தெரியாதவன்," என்று சொன்னான். பக்கத்துக் கட்டில்காரன், "யாரு யாஸ்மிராத்?" என்று கேட்டான். அவனுக்கும் முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. உப்பு வேர்த்த இடத்தில் அவன் நம்பவில்லை.

மற்ற மூன்று பேர் பாரசீகக் கரைக்குப் போய்விட்டார்களாம். என்சலியிலோ, அதற்கும் அப்பாலோ.

நவம்பரில் முதல் குளிர் இறங்கிய அன்று, வளைகுடா துப்பத் தொடங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே, அவெதிஸ் நோட்டைப் பிரித்துக் கணக்கை முடித்தான்.

உப்பு விற்ற வரவு: ஆயிரத்து இருநூற்று நாலு ரூபிள் இருபது கோபெக்.

ஜாடி உப்புக்கு வரவு: பன்னிரண்டு கோபெக்.

கூலி: நானூறு. அதில் தண்ணீர் சுமந்தது: இருநூற்று இருபத்து நாலு.

படகு: இருநூற்று அறுபத்தேழு ரூபிள் அறுபது கோபெக்.

காவல்: எழுபத்திரண்டு.

நிற்பது: நானூற்று அறுபத்து நாலு ரூபிள் எழுபத்திரண்டு கோபெக்.

சொன்னது: எட்டுப் பேர் முன்னால். திரும்ப எடுத்தது: ஐந்து பேர் முன்னால்.

பாக்கி: மூன்று பேர்.